எப்போதும் அவன்தான் மாஸ்டர்

2020 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை இரவு. மறுநாள் பள்ளிக்கூடம். சப்பாத்தி மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு, எட்டு வயது மகனோடு ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து ‘டாக்டர் ஹூ’ பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கணவர் சென்னை வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். லண்டனிலிருந்து ரயிலில் அரைமணி தூரத்து ஊரில் நானும் பையனும் மட்டும்தான். அந்த ஒரு மணி நேரக் கதையால் பின்னால் எனக்கு மூன்று வருடத் தலைவலி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஒரு டிவி சீரியல், அதுவும் குழந்தைகளோடு பார்ப்பது. அதில் என்ன வரப்போகிறது?

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் இது. நீல நிறப் போலீஸ் பெட்டி போலிருக்கும் ஒரு வாகனத்தில் காலம், இடம் எல்லாம் தாண்டிப் போகிற ஒரு வேற்றுக்கிரக ஆள்தான் டாக்டர். சாகும் நிலை வந்தால் உடம்பும் முகமும் மாறி வேறு ஆளாகிவிடுவார். அதனால்தான் நடிகர்கள் மாறிக்கொண்டே இருந்தும் கதை நிற்கவில்லை. நாங்கள் பார்த்தபோது ஜோடி விட்டேக்கர் டாக்டர், அந்த வேடத்தை முழுநேரமாக ஏற்ற முதல் பெண். டாக்டருக்கு ஜென்ம விரோதி ‘மாஸ்டர்’. அவனும் அதே இனம், அவனுக்கும் முகம் மாறும். 1971இல் அந்த வேடத்தை முதலில் போட்டவர் ரோஜர் டெல்காடோ. லண்டனில் பிறந்தவர், ஸ்பானிய அப்பாவின் மகன். கூர்தாடி, கறுத்த முடி. ‘அந்நியன்’ என்று பார்த்ததும் தோன்ற வேண்டும் என்பதற்கு அன்றைய பிரிட்டிஷ் டிவியில் அது போதும்.

2020 புத்தாண்டு அன்று வந்த ‘ஸ்பைஃபால்’ கதையின் முதல் பாகத்தின் கடைசியில், அதுவரை அப்பாவியாகத் தெரிந்த உளவுத்துறைக்காரர் ‘நான்தான் மாஸ்டர்’ என்று வெளிப்படுவார். நடித்தவர் சச்சா தவன், மான்செஸ்டர் பக்கத்தில் வளர்ந்த இந்திய வம்சாவளிக்காரர். என் மகன் சோபாவிலிருந்து குதித்தே விட்டான். “அம்மா, மாமா மாதிரியே இருக்காரும்மா!” என்றான். என் தம்பியைச் சொல்கிறான். கண்ணை உருட்டுவதில் உண்மையாகவே சாயல் இருந்தது. நாலு நாளும் வீட்டில் மாஸ்டர் சிரிப்புதான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாகம். 1943, நாஜிகள் பிடியிலிருக்கும் பாரிஸ். மாஸ்டர் நாஜி அதிகாரி உடையில் திரிகிறான். பழுப்புத் தோல்காரன் எப்படி அங்கே அதிகாரியாக இருக்க முடியும்? பார்ப்பவர் கண்ணை ஏமாற்றுகிற ஒரு கருவி வைத்திருக்கிறான், நாஜிகளுக்கு அவன் வெள்ளையனாகத் தெரிவான். ஐஃபல் கோபுரத்தின் மேலே இருவரும் சந்திக்கும் இடத்தில், டாக்டர் அவனை பிரிட்டிஷ் உளவாளி என்று நாஜிகள் நம்பும்படி செய்ததோடு நிற்கவில்லை. அந்தக் கருவியையும் செயலிழக்கச் செய்கிறார். அவனுடைய உண்மையான நிறம் படைவீரர்களுக்குத் தெரிகிறது. டாக்டர் தப்பிப் போகிறார். வீரர்கள் அவனைப் பிடிக்கிறார்கள்.

என் மகன் டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். “டாக்டர் நல்லவங்கதானேம்மா? அப்ப ஏன் அவர் கலரைக் காட்டிக் கொடுத்தாங்க?”

எனக்கு மறுநாள் காலை எட்டரைக்கு மீட்டிங். “கதைதானேடா, அவன் கெட்டவன், மாட்டிக்கிட்டான், போய்ப் பல்லு விளக்கு” என்றேன். இந்த முழுக் கதையிலும் நான் திரும்பிப் போய் மாற்ற விரும்புகிற இடம் அதுதான். பிள்ளை கேள்வி கேட்கும் அந்த ஒரு நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. ‘கதைதானே’ என்று சொன்னால், அம்மாவிடம் இதைப் பற்றிப் பேச முடியாது என்று அது புரிந்துகொள்ளும். பதில் தெரியவில்லை என்றால் “உனக்கு என்னடா தோணுது?” என்று திருப்பிக் கேளுங்கள், போதும். அதற்கு மீட்டிங் எதுவும் தடையில்லை, எனக்கு அன்று சோம்பேறித்தனம்.

அந்தத் தொடரின் கொடூரமான எதிரிகள் டாலெக்குகள். டெர்ரி நேஷன் எழுதி 1963 டிசம்பரிலேயே வந்துவிட்டவை. தங்கள் இனம் தவிர வேறெதுவும் உயிரோடு இருக்கக் கூடாது என்று நினைக்கிற ஜென்மங்கள், நாஜிகளை வைத்துத்தான் செய்யப்பட்டவை. ஆக, இனத்தூய்மை வெறிக்கு எதிராக நிற்பதுதான் டாக்டருடைய அடிப்படையே. அந்த டாக்டர், ஒருவனுடைய தோலையே ஆயுதமாக்கி நாஜிகளிடம் ஒப்படைக்கிறார் என்பதை எட்டு வயதுப் பிள்ளை கண்டுபிடித்தது, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்குப் படவில்லை. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கதையில் நூர் இனாயத் கானும் வருகிறார், நிஜ வாழ்க்கையில் ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸுக்குள் பிரிட்டன் அனுப்பிய முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர், திப்பு சுல்தான் வழிவந்தவர், 1944இல் டாகாவ் முகாமில் கொல்லப்பட்டவர். டாக்டரின் தோழி யாஸ், பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண். எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நல்ல பக்கத்திலும் நம்மைப் போன்ற முகங்களை வைத்திருந்தார்கள். ஆனால் விளையாட்டு மைதானத்துக்குப் போன காட்சி எது? கோபுர உச்சிக் காட்சிதான்.

அந்த வாரமே தொடங்கியது. இடைவேளையில் பையன்கள் டாக்டர் ஹூ விளையாடுவார்கள். என் மகன் மாஸ்டர். முதல் வாரம் அவனுக்குக் கொண்டாட்டம், எல்லோரையும் துரத்தலாம், கெக்கெக்கே என்று சிரிக்கலாம். எனக்கும் கவலை இல்லை. நான் செய்யாறு பக்கத்துக்காரி. தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவருக்குத்தான் பெரிய கிரீடம், பெரிய மரியாதை. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் ஆளுயரத்துக்கு மேல் படுத்துக் கிடக்கும். சினிமாவில் அத்தனை பேர் சாபத்தையும் வாங்கிக்கொண்ட எம்.என்.நம்பியார் நிஜத்தில் சபரிமலை குருசாமி என்பது வீட்டுக்கு வீடு தெரியும். வில்லன் என்றால் பெரிய வேஷம், அதில் என்ன கேவலம் என்று அவனிடம் பெருமையாகவே சொன்னேன்.

நான் யோசிக்காதது இதுதான். எங்கள் ஊர்க் கூத்தில் துரியோதனனும் தருமனும் பார்க்கிற ஜனமும் ஒரே ஊர், ஒரே முகம். அவன் செய்கிற அக்கிரமம் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளையின் மூக்கிலும் கன்னத்திலும் ஒட்டாது. முப்பது பேர் வகுப்பில் ஒரே ஒரு பழுப்பு நிறப் பையனுக்கு அப்படி இல்லை. மூன்றாவது வாரம், “இன்னிக்கு நான் டாக்டர்” என்று இவன் கேட்டிருக்கிறான். “நீ எப்படி? நீ பார்க்க மாஸ்டர் மாதிரி இருக்கே” என்று பதில் வந்திருக்கிறது. விளையாட்டும் மாறியது. ஒருவன் டாக்டர், நாலு பேர் சிப்பாய்கள், “இப்ப உன் உண்மையான முகம் தெரியுது!” என்று கத்திக்கொண்டு இவனைப் பிடித்துச் சுவரோரம் நிறுத்த வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவன் சொல்லவில்லை. ஏன் சொல்வான்? கதைதானே என்று நானே சொல்லிவிட்டேனே.

அந்த வருடம் பிரிட்டனில் மார்ச் 5 உலகப் புத்தக தினம். இங்கே பள்ளிகளில் அன்று பிள்ளைகள் ஏதாவது புத்தகக் கதாபாத்திரமாக வேடமிட்டுப் போவார்கள். டாக்டர் ஹூ நாவல்களும் இருக்கின்றன என்பதால் டாக்டராகப் போகலாம். விட்டேக்கரின் சாம்பல் நிற நீளக் கோட்டு, மார்பில் வானவில் கோடு போட்ட சட்டை என்று 34 பவுண்டு. டாக்டர் கையில் இருக்கும் மாயக் கருவியான சோனிக் ஸ்க்ரூடிரைவரின் பொம்மை 19 பவுண்டு. சாயங்காலம் கேட்டில் நின்றேன். கோட்டின் ஒரு கை தோள் தையலில் கிழிந்து தொங்கியது. ஸ்க்ரூடிரைவர் இல்லை. “யாருடா கிழிச்சது?” என்றால், “சிப்பாயிங்க” என்றான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை. ராத்திரி படுத்தபின்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அதைக் கேட்டுவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பையன்கள் மேல் கோபம் இருந்ததைவிட, இரண்டு மாதம் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டோமே என்றுதான் இருந்தது.

அன்று நள்ளிரவு ஒன்றரைக்குப் பள்ளிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். இரண்டு பக்கம். காலனியாதிக்கத்தில் ஆரம்பித்து பிபிசி வழியாக அந்தப் பையன்களின் பெற்றோர் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். அதைப் படித்த ஆசிரியை, நான் டிவி நிகழ்ச்சியைப் பற்றிப் புகார் செய்கிறேன் என்றே புரிந்துகொண்டார். “எல்லாருக்கும் வில்லனாக நடிக்க ஆசைதானே, குழந்தைகள் விளையாட்டு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போன மீட்டிங் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது முறை, இங்கே வேறொரு பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு தமிழ் அக்கா சொல்லிக் கொடுத்தபடி எழுதினேன். எந்தத் தேதி, எந்த இடம், பிள்ளைகள் சொன்ன வார்த்தை அப்படியே, என் பிள்ளைக்கு என்ன ஆனது, எனக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான், அரைப்பக்கம். டிவி பெயரே ஒரு வரியில்தான் வந்தது. வேண்டியவை இரண்டே: அந்த விளையாட்டில் யார் என்ன வேடம் என்பது தோலை வைத்து முடிவாகக் கூடாது, மைதானத்தில் ஒரு பெரியவர் கண் வைக்க வேண்டும். பிள்ளைகளை ‘இனவெறியர்கள்’ என்று எழுதவில்லை. நடந்ததை எழுதினாலே அது என்ன என்று படிக்கிறவருக்குத் தெரியும். இங்கிலாந்தில் 2010 சமத்துவச் சட்டம் அரசுப் பள்ளிகளுக்கும் பொருந்தும், பாகுபாட்டைக் களைய முயல வேண்டியது அவர்கள் கடமை. அதை மிரட்டலாக எழுதாமல் கடைசி வரியில் நினைவுபடுத்தினால் போதும். இந்தக் கடிதத்துக்குத் தலைமை ஆசிரியர் நேரில் கூப்பிட்டுப் பேசினார். வகுப்பில் பேசுவதாக நாளும் குறித்தார். அந்த நாள் வருவதற்குள் கோவிட் வந்து பள்ளியே மூடிவிட்டது.

பிபிசிக்கும் எழுதலாம் என்று மார்ச் கடைசியில் உட்கார்ந்தேன். ஒளிபரப்பாகி 30 வேலை நாட்களுக்குள் புகார் தர வேண்டும் என்பது அவர்கள் விதி, எனக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. ஒளிபரப்புகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காமுக்கு நேரடியாகப் போகவும் முடியாது, பிபிசியிடம் சொல்லி அங்கே முடிந்த பிறகுதான். உங்களுக்கு ஏதாவது உறுத்தினால், கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே நாலு வரி அனுப்பி வையுங்கள். ஆறின கோபத்துக்கு அங்கே படிவம் கிடையாது.

ஊரடங்கு. இரண்டு அறை வீடு, நான் லேப்டாப்பில், அவன் எதிரில். இப்போது நடந்ததுதான் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். புதுசில்தானே இந்த வம்பெல்லாம், பழைய டாக்டர் ஹூ வெகுளியாக இருக்கும், அட்டை செட்டும் ரப்பர் பூதமுமாகச் சிரித்துக்கொண்டே பார்க்கலாம் என்று நினைத்தேன். பழைய டிவிடிகளை இணையத்தில் கட்டுக்கட்டாக வாங்கினேன். ஒன்றரை வருடத்தில் 160 பவுண்டுக்கு மேல் போயிருக்கும், டிவிடி பிளேயர் தனி.

அதில் ஒரு நல்லதும் நடந்தது. வாங்கிய டிவிடி கட்டு ஒன்றுக்குள், தொடர் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லும் 2013ஆம் ஆண்டு டிவி படம் ஒன்று இருந்தது. 1963இல் முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் உசேன், லக்னோவில் பிறந்தவர், அப்போது அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. அன்றைய பிபிசியில் ஒரு இளம்பெண்ணும் ஒரு இந்தியரும் எப்படித் தள்ளாடி நின்றார்கள் என்பதுதான் படமே. வாரிஸ் உசேனாக நடித்தவர் யார்? சச்சா தவன். ஏழு வருடம் கழித்து மாஸ்டரான அதே ஆள். என் மகன் ரிமோட்டை எடுத்து நிறுத்தி, திரும்பப் போட்டு, “அம்மா, இவரு மாஸ்டர்! இதுல இவருதான் எல்லாத்தையும் ஆரம்பிச்சு வைக்கிறாரு!” என்றான். பத்து அறிவுரை செய்யாததை அந்த ஒரு காட்சி செய்தது. வில்லன் முகத்தைத் திரையிலிருந்து நீக்குவதைவிட அதே முகத்தை இன்னும் நாலு இடத்தில் காட்டுவது பலன் தரும் என்று அன்றைக்குப் புரிந்தது. இணைத்துப் பார்க்க ஏதாவது கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டே இருங்கள்.

ஆனால் வெகுளி என்று நினைத்த பழைய கதைகள்? 1967இல் வந்த, சைபர்மேன் என்னும் பாதி இயந்திர மனிதர்களின் கல்லறைக் கதையில் டோபர்மேன் என்று ஒரு கறுப்பின வேலைக்காரன், மலை போல உடம்பு, வாயில் வார்த்தையே அரிது, எஜமானி சொன்னதைச் செய்து கடைசியில் மற்றவர்களுக்காகச் சாகிறான். அது எங்களுக்கு உறுத்தியது. “இவருக்கு வசனமே தரலையே” என்று அவனே சொன்னான். சரி, பையன் தேறிவிட்டான், கண் திறந்துவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

2022 அக்டோபர். அவன் ஏழாம் வகுப்பு, புதுப் பள்ளி. அங்கே அவனுக்குக் கிடைத்த முதல் உற்ற நண்பன் ஹாங்காங்கிலிருந்து முந்தைய வருடம் குடும்பத்தோடு வந்த பையன். இருவரும் டாக்டர் ஹூ பைத்தியம். 23ஆம் தேதி விட்டேக்கரின் கடைசிக் கதை வந்தது. அதற்கடுத்த விடுமுறை வாரத்தில் ஒரு ராத்திரி அவன் எங்கள் வீட்டில் தங்க வந்தான். பீட்சா, பாப்கார்ன், “ஆன்ட்டி, ஆன்ட்டி” என்று ஒரே கலகலப்பு. பழசில் ஒன்று போடுங்கள் என்றார்கள். ரசிகர்கள் வாக்கெடுப்புகளில் எப்போதும் முன்வரிசையில் வரும் கதை என்று படித்திருந்த ஒன்றை, நான் அதுவரை பார்க்காததை, எடுத்துப் போட்டேன். 1977இல் வந்த ‘தி டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்’.

விக்டோரியா காலத்து லண்டன், பனிமூட்டம், நாடகக் கொட்டகை, சீன மந்திரவாதி ஒருவன். அவனுடைய ரகசியக் கூட்டம், காணாமல் போகும் இளம்பெண்கள், கத்தி பிடித்து நடக்கும் பொம்மை. 1913 முதல் வந்த ஃபூ மான்சூ நாவல்கள் ‘சீனாக்காரன் என்றால் சூழ்ச்சிக்காரன்’ என்று மேற்கில் பரப்பிவிட்ட சரக்கு அத்தனையும் ஒரே பானையில். கூட்டத்திலும் சின்ன வேடங்களிலும் சீன வம்சாவளி நடிகர்கள் இருந்தார்கள். மந்திரவாதியாக நடித்தவர் மட்டும் ஜான் பென்னட், வெள்ளைக்கார நடிகர், கண்ணிமைக்கு மேல் ரப்பர் ஒட்டி, மழுக்கின ஆங்கிலம் பேசிக்கொண்டு. சீனர்களைக் குறிக்கும் வசைச்சொல் சர்வசாதாரணமாக வருகிறது, டாக்டர் யாரையும் கண்டிப்பதில்லை. இதில் கசப்பான வேடிக்கை, அத்தனைக்கும் பின்னால் இருக்கும் உண்மையான வில்லன் 51ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடி வந்த ஒரு வெள்ளைக்காரன்தான். ஆனால் யாருக்கு அது ஞாபகம் இருக்கிறது?

நான் கதையில் மூழ்கியிருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை. வசனம் அபாரம், டாக்டராக வரும் டாம் பேக்கர் அட்டகாசம். இரண்டாம் பாகம் ஓடும்போது அந்தப் பையன், “அது முகமூடியா ஆன்ட்டி?” என்றான். “இல்லடா, மேக்கப்” என்றேன், பாப்கார்ன் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே. பத்து நிமிடம் கழித்து, வயிறு வலிக்கிறது, அம்மாவைக் கூப்பிடலாமா என்றான். பத்தேகாலுக்கு அவன் அம்மா வந்து அழைத்துப் போனார். கதவு சாத்தியதும் என் மகன் சொன்னான்: “எனக்கு நீ சொன்ன மாதிரியே அவனுக்கும் சொல்லிட்டியேம்மா.”

கண்ணாடி முன்னால் நிறுத்தினது போல இருந்தது. தன் பிள்ளைக்கு நடந்ததை இரண்டு பக்கம் எழுதி அனுப்பியவள், என் முகம் இல்லாத இடத்தில் ஒன்றுமே பார்க்கவில்லை. சிவப்பான கதாநாயகிக்குக் கருமை பூசி ‘கிராமத்துப் பெண்’ என்று காட்டும் நம்முடைய படங்களை எத்தனை முறை கைதட்டிப் பார்த்தவள் நான். பழகின கண்தானே.

மறுநாள் மன்னிப்புக் கேட்டு ஒரு நீளமான வாட்ஸ்அப் அனுப்பினேன். 1977இல் காலம் அப்படி, எங்களுக்கும் இதே போல் நடந்திருக்கிறது, நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்று. பதினொரு நாள் பதில் இல்லை. அப்புறம்தான் திரும்பப் படித்தேன், அதில் அவர்கள் பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, மீதி எல்லாம் என்னைப் பற்றி. காலத்தைச் சாக்குச் சொன்னதும் பொய். கனடாவில் ஒன்டாரியோ மாகாணக் கல்வித் தொலைக்காட்சி 1980லேயே சீன-கனடியர்களின் எதிர்ப்பைக் கேட்டு இந்தக் கதையை ஒளிபரப்பாமல் விட்டது. மூன்றே வருடம். அந்தக் காலத்திலும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. இரண்டாவதாக மூன்று வரி அனுப்பினேன்: முன்கூட்டிப் பார்க்காமல் போட்டது என் தப்பு, அவன் கேட்டபோது நிறுத்தாதது அதைவிடப் பெரிய தப்பு, அவனிடம் நேரில் சொல்ல விரும்புகிறேன். பதில் வந்தது. அவன் எங்கள் வீட்டுப் படியேற இன்னும் ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் என் மகன் மதிய உணவைத் தனியாகச் சாப்பிட்டான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அதன் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பிள்ளைகளோடு பார்க்கப் போகிற எதையும் முந்தின நாள் நான் ஒரு தடவை பார்த்துவிடுவேன், முழுதாக முடியாவிட்டால் வில்லன் வரும் காட்சிகளை மட்டுமாவது. டிவிடி பெட்டியில் உள்ள வயது முத்திரையை நம்பி உட்காராதீர்கள், உங்கள் சோபாவில் எந்தெந்த முகங்கள் உட்காரப் போகின்றன என்று அதற்குத் தெரியாது. பார்க்கும்போது மூன்று விஷயம் கவனிப்பேன்: கெட்டவன் கெட்டவனாக இருப்பதற்கு அவன் இனம்தான் காரணம் போலக் காட்டுகிறார்களா, அவன் மாதிரி முகத்தோடு அதே கதையில் வேறு யாராவது சாதாரண மனிதராக இருக்கிறார்களா, அவனை வீழ்த்த நல்லவர்கள் எந்த ஆயுதத்தை எடுக்கிறார்கள். மூன்றாவதை ஸ்பைஃபால்தான் கற்றுக்கொடுத்தது. வேண்டாத கதையைத் தடைசெய்ய மாட்டேன். பிள்ளைக்குப் பதின்மூன்று ஆனதும் வெங்-சியாங்கையே மறுபடி போட்டுப் பேசினோம், நிறுத்தி நிறுத்தி.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் 2018 நவம்பர் 11 அன்று வந்த ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ பாருங்கள். வினய் பட்டேல் எழுதியது. யாஸின் பாட்டி கல்யாணத்துக்காக 1947 பிரிவினைக் காலத்துக்குப் போகிறார்கள். பயங்கரமான முகத்தோடு இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் நிற்பார்கள், அவர்கள்தான் பேய்கள் என்று நினைப்போம். அவர்கள் தனியாகச் சாகிறவர்களின் பக்கத்தில் சாட்சியாக நிற்க வந்தவர்கள். கொலை நடப்பது மாப்பிள்ளையின் சொந்தத் தம்பி மனீஷின் வெறியால். நம் ஊர் முகங்கள் அத்தனையும் அங்கே நல்லது கெட்டது இரண்டுமாக இருப்பதால், மனீஷ் செய்வதை என் மகன் ‘நம்ம ஆளு செஞ்சது’ என்று எடுத்துக்கொள்ளவே இல்லை. மனீஷ் செய்தது மனீஷுடையது. 2023 டிசம்பரில் வந்த ‘தி கிகிள்’ இன்னொரு வழி. 1966இல் பழைய சீன அதிகாரிகளின் மாண்டரின் உடுப்புப் போட்டுக்கொண்டு வந்த ‘செலஸ்டியல் டாய்மேக்கர்’ என்ற பழைய வில்லனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ‘செலஸ்டியல்’ என்பதே சீனர்களைக் குறிக்க விக்டோரியா காலத்தில் ஓடிய சொல். இந்த முறை அந்தச் சொல்லும் இல்லை, உடுப்பும் இல்லை. 1925இல் பொம்மைக் கடைக்கு வரும் ஓர் இந்திய வம்சாவளி இளைஞனிடம் வெயில் தேசத்து ஆளாச்சே என்று டாய்மேக்கர் குத்திப் பேசுகிறான். இனவெறி அவனுடைய கெட்ட குணங்களில் ஒன்றாகிவிட்டது. நண்பர்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். ஹாங்காங் பையன் அந்த இடத்தில் என் பக்கம் திரும்பி, “இது முகமூடி இல்லைதானே ஆன்ட்டி?” என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குத்தான் சிரிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

போன வருடம், 2025இல், ருவாண்டாவில் பிறந்த ஷூட்டி கட்வா டாக்டர். தோழி பெலிண்டா சந்திராவாக வரதா சேது, கேரளத்தில் பிறந்து நியூகாசிலில் வளர்ந்தவர். மே 17 அன்று, யூரோவிஷன் பாட்டுப் போட்டி ராத்திரியில் வந்த கதையின் கடைசியில் பழைய வில்லி ஒருத்தி திரும்பி வருகிறாள். பெயர் ராணி. 1985இல் அந்த வேடம் போட்டவர் கேட் ஓமாரா, ஆங்கிலேய நடிகை, பெயர் மட்டும் ராணி. இந்த முறை ஆர்ச்சி பஞ்சாபி. அவர் முகம் திரையில் வந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஐந்து வருடம் முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஞாபகம். மாஸ்டரும் நாம், ராணியும் நாமா? ஓரக்கண்ணால் மகனைப் பார்த்தேன். பதினாலு வயது, மீசை அரும்பிவிட்டது. நண்பன் அவன் விலாவில் குத்தி, “மறுபடியும் உங்க ஆளுங்கடா” என்றான். “பெலிண்டாவும் எங்க ஆளுதான், எண்ணிக்கோ” என்று இவன் திருப்பிச் சொல்லிவிட்டு முறுக்கு டப்பாவை அவன் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டான். என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை செய்யாறுக்கு வீடியோ கால். என் அக்கா பெயரும் ராணி. “பெரியம்மா, உங்க பேர்ல ஒரு வில்லி வந்திருக்காங்க, உலகத்தையே அழிக்கப் பாக்கறாங்க” என்றான். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள், “பெரிய வேஷமாடா?”

“பெரிய வேஷம்தான் பெரியம்மா.”